மரத்தில் வெள்ளைப் பூச்சு: விட்டுவிடுவதா, கழுவுவதா, மருந்தடிப்பதா?

மார்கழி பாதி கடந்ததும் சென்னைக் குடியிருப்புச் சங்கங்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். சுற்றுச்சுவரோரம் நிற்கும் மரத்தின் கொழுந்திலைகளில் திருநீறு பூசியதுபோல் ஒரு வெண்படலம். சாம்பல் நோய் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். படத்துக்குக் கீழே யோசனைகள் குவியும். மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிடலாம் என்பார் ஒருவர். பொங்கலுக்குள் கிளைகளைக் கழித்துவிடலாம் என்பார் செயலாளர். புளித்த மோர் போதும் என்பார் மொட்டைமாடியில் கத்தரியும் வெண்டையும் வளர்க்கும் மாமி. மரத்தையே எடுத்துவிட்டால் இன்னொரு கார் நிறுத்தலாம் என்று நினைப்பவர் மட்டும் அதை வெளியே சொல்லமாட்டார்.

இவற்றில் எதற்குச் சங்கத்துப் பணத்தை ஒதுக்குவது? என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். நன்கு வளர்ந்த நிழல்மரத்துக்குப் பூஞ்சைக்கொல்லி வாங்குவது சென்னையில் பெரும்பாலும் வீண்செலவு. கன்றுகளின் கதை வேறு. காய்க்காக வளர்க்கும் மாமரத்தின் கதை இன்னும் வேறு.

முதலில், அது சாம்பல் நோய்தானா?

இந்த நகரத்தில் இலைமேல் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோய் இல்லை. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளின் ஓரத்தில் பாதி மரங்கள் சிமென்ட் தூசியில்தான் வெளுத்து நிற்கின்றன. ஈரத்துணியால் ஒரு இலையைத் துடைத்துப் பாருங்கள். கீழே பச்சை பழுதில்லாமல் இருந்தால் அது தூசி. கணுக்களிலும் இலைக்காம்புகளிலும் பஞ்சாகத் திரண்டு, தொட்டால் பிசுபிசுத்து, எறும்பு வரிசையும் கூடவே ஏறினால் மாவுப்பூச்சி. இலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு தெரிந்தால் வெள்ளை ஈ. பக்கத்தில் தென்னை இருந்தால் அதையும் அண்ணாந்து பார்ப்பது நல்லது.

சாம்பல் நோய் இளம் இலையில் வட்டத் திட்டுகளாகத் தொடங்கி, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து இலை முழுவதும் பரவும். விரலால் தேய்த்தால் உலர்ந்த மாவாக வரும், ஒட்டாது. அதன் அடியில் இலை மஞ்சளித்தோ செம்மை படர்ந்தோ இருக்கும். கொழுந்து நெளிந்து சுருளும், மொட்டு விரியாமல் நின்றுவிடும்.

இந்த அடையாளத்தைத் தவறவிட்டால் செலவோடு சேதமும் வரும். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழகம் முழுக்கப் பரவியபோது, உழவர்கள் அடிக்காத பூச்சிக்கொல்லி இல்லை. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. பூஞ்சையைப் பூச்சி என்று நினைத்து மருந்தடித்தால் பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது; இப்படிப்பட்ட குளவிகள்தான் முதலில் சாகும்.

சில ஆண்டுகளாக வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் பழுப்பாகக் கருகி நிற்பதைப் பார்த்துவிட்டு அதையும் சாம்பல் நோய் என்று சொல்கிறார்கள். அது ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்ற வேறொரு பூஞ்சையின் வேலை. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

எந்த மரம், எந்தப் பூஞ்சை

குடியிருப்புகளில் அதிகம் அகப்படுவது லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா. நர்சரிகளில் கிரேப் மிர்ட்டில் என்று கேட்டால் தருவார்கள். கசங்கிய காகிதம் மாதிரியான இளஞ்சிவப்பு, ஊதாப் பூக்கள். இதைத் தாக்கும் பூஞ்சையின் பெயர் எரிசைஃபி ஆஸ்ட்ராலியானா. பழைய நூல்களில் அன்சினுலா ஆஸ்ட்ராலியானா என்று இருக்கும். மாமரத்தில் பூங்கொத்தை வெளுக்கவைப்பது ஓய்டியம் மாங்கிஃபெரே. தேக்குக்கும் மல்பெரிக்கும் தனித்தனியே ஒன்று உண்டு. ஆகவே சுவரோரத்து மிர்ட்டிலிலிருந்து பக்கத்து வீட்டு மாமரத்துக்குத் தொற்றிவிடும் என்று சண்டைக்கு வருபவரைச் சமாதானப்படுத்தலாம். இந்தப் பூஞ்சைகளில் பெரும்பாலானவை ஆள் பார்த்து வருபவை.

பெரும்பாலானவை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1907இல் பிரான்சில் ஓக் மரங்களில் திடீரென்று ஒரு சாம்பல் நோய் கிளம்பிச் சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அந்த ஓக் பூஞ்சைகளும் வெப்பநாடுகளில் மாமரத்தைப் பிடிக்கும் பூஞ்சையும் மிக நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. அங்கே நிழலுக்கு நட்ட மரத்தை வெளுக்கவைப்பதும் நம் மாம்பூவை உதிரவைப்பதும் ஒரே குடும்பம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

நம் ஊர்க் காலண்டர்

மற்ற இலைப்பூஞ்சைகள் முளைக்க இலைமேல் ஈரம் வேண்டும். சாம்பல் நோயின் வித்துகள் தமக்கு வேண்டிய நீரைத் தமக்குள்ளேயே வைத்திருப்பவை. காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். இலைமேல் நீர் வழிந்தால் அவற்றுக்குக் கேடு. முளைத்த பூஞ்சை இலையின் மேற்பரப்பில் படர்ந்து, மேல்தோல் செல்களுக்குள் மட்டும் உறிஞ்சும் உறுப்புகளை நுழைத்துச் சாற்றைக் குடிக்கும். இலையைக் கொல்லாது, ஏனென்றால் இலை செத்தால் அதுவும் சாகும். உயிருள்ள திசுவைத் தவிர வேறெதிலும் அது வாழாது. சூழல் தோதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வித்துகள் காற்றில் கிளம்பிவிடும்.

இதைச் சென்னையின் தட்பவெப்பத்தோடு பொருத்திப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இலையைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மழை நின்றபின் ஜனவரியில் இரவு வெப்பநிலை சராசரியாக 21 டிகிரி அளவுக்கு இறங்கும். பகலில் 30ஐ ஒட்டி நிற்கும். விடியலில் பனி, பகலில் வறண்ட வெயில். பூஞ்சைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மாசி பிறந்து வெயில் ஏற ஏற அதன் வேகம் குறைகிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் தொடர்ந்தால் வித்துகள் தாக்குப்பிடிப்பதில்லை. இலையும் அதற்குள் முற்றித் தடித்துவிடும். அதாவது நோய்க்கு இங்கே ஆண்டுக்கு இரண்டு, இரண்டரை மாதம்தான் ஆட்டம். வாரக்கணக்கில் மருந்தடிக்கச் சொல்லும் வெளிநாட்டு ஆலோசனைகள் குளிர்ந்த ஊர்களுக்கு எழுதப்பட்டவை. அங்கே வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை என்று நோய் இழுத்துக்கொண்டே போகும்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதற்கு ஆதரவு திரட்டுவதுதான் கடினம். சங்கக் கூட்டத்தில் நடவடிக்கை எடுத்தோம் என்று சொல்ல முடியாது. ஆனால் நன்றாக வேரூன்றிய மரம் கொழுந்திலைகளில் ஒரு பங்கை இழந்தாலும் பட்டுப்போவதில்லை. கோடையில் வரும் தளிர் சுத்தமாக வரும். நமக்கு வேண்டியது ஏப்ரல், மே மாதங்களின் நிழல் என்றால், ஜனவரி இலைகளின் அழகுக்காகச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

இந்த வழி எப்போது தோற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அடுக்குமாடியின் வடக்குப்புற நிழலில், காற்றோட்டமில்லாமல், இரண்டு சுவர்களுக்கு நடுவே நெருக்கி நடப்பட்ட மரத்தில் நோய் பங்குனிவரை நீளும். கிரேப் மிர்ட்டிலில் பூஞ்சை மொட்டுகளுக்குள் பதுங்கியிருந்து அடுத்த தளிரோடு மீண்டும் தலைகாட்டும். அத்தகைய மரம் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போனால், குற்றவாளி பூஞ்சை இல்லை, நட்ட இடம். அங்கே மருந்து எத்தனை குப்பி தீர்ந்தாலும் நிலைமை மாறாது.

யூரியாவை மட்டும் நிறுத்துங்கள். வாடிய மாதிரி இருக்கிறதே என்று தோட்டக்காரர் கை நிறைய அள்ளிப்போடும் தழைச்சத்து, மெத்தென்ற இளந்தளிரைத் தள்ளிவிடும். பூஞ்சை கேட்பது அதைத்தான்.

தண்ணீர்

காலையில் குழாயை வைத்துக் கொழுந்துகளின்மேல் பலமாகப் பீய்ச்சினால் பூஞ்சை இழைகளும் வித்துகளும் அடித்துச் செல்லப்படும். இலை நண்பகலுக்குள் உலர்ந்துவிட வேண்டும் என்பதால் மாலையில் வேண்டாம். பருவமழை முடிந்த ஜனவரியில் பெரும்பாலான கிணறுகளில் தண்ணீர் இருக்கும், ஆகவே மனச்சாட்சியும் உறுத்தாது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் குழாய் எட்டும் உயரம்வரைதான் பயன், அதோடு வாரம் இரண்டு முறை யாராவது நின்று செய்ய வேண்டும். காவலாளியின் தலையில் கட்டினால் இரண்டாம் வாரமே நின்றுபோகும். உப்பு அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை இலைமேல் பீய்ச்சினால் விளிம்பு கருகும். கடலோரப் பகுதிகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

சமையலறை மருந்துகள்

பாலைக் கேலி செய்ய வேண்டாம். 1999இல் பிரேசிலில் பசுமைக்குடிலில் வளர்த்த சுரைக்காய் இனச் செடிகளில் பாலை நீரில் கலந்து தெளித்துச் சோதித்தபோது, பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் பால் சேர்ந்த கலவை சாம்பல் நோயை வேதிமருந்துக்கு இணையாகக் கட்டுப்படுத்தியது. தொட்டிச்செடிக்கு இது போதும். மரத்துக்கு? ஒரு பெரிய மரத்தை நனைக்கப் பத்து லிட்டர் கலவையாவது வேண்டும்; அதில் ஒரு லிட்டர் பால், அதுவும் வாராவாரம். பால் காய்ந்த இலையில் கரும்பூசணம் வேறு பிடிக்கும். மோரும் இதே கணக்குத்தான்.

சமையல் சோடா இலைப்பரப்பின் அமில, காரத் தன்மையை மாற்றிப் பூஞ்சையை முடக்கும், உண்மைதான். ஆனால் அது சோடியம். மண்ணில் ஏற்கெனவே உப்பு ஏறிய ஊரில் இன்னும் சோடியம் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. பொட்டாசியம் பைகார்பனேட் கிடைத்தால் அது மேல். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சிறிது சோப்புக் கரைசலோடு, மாலையில் தெளிக்கலாம். நோய் தொடங்கும்போது ஓரளவு பலிக்கும், முற்றியபின் பலிக்காது.

கந்தகம்

மருந்து என்று ஒன்று வேண்டுமென்றால் என் வாக்கு இதற்குத்தான். 1845இல் இங்கிலாந்தின் மார்கேட் நகரில் டக்கர் என்ற தோட்டக்காரர் திராட்சைக் கொடியில் இந்த நோயை முதலில் கண்டு, கந்தகத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்துக் கட்டுப்படுத்தினார். பூஞ்சைக்கே அப்போது ஓய்டியம் டக்கரி என்று அவர் பெயரை வைத்தார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் பூஞ்சை கந்தகத்துக்குப் பழகிக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில் குத்தாமல் செல்லின் பல வேலைகளையும் ஒருசேரக் கெடுப்பதால் தப்பிக்க வழியில்லை.

உரக்கடைகளில் நனையும் கந்தகத்தூள் 80 சதவீதம் என்று கேளுங்கள். லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். ஒட்டும் திரவம் சில துளிகள். முதல் வெள்ளைத் திட்டு தெரிந்த உடனே ஒருமுறை, பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொருமுறை. இது வரும்முன் காப்பது. இலை முழுவதும் வெளுத்தபின் அடித்தால் மனநிறைவுதான் மிஞ்சும்.

கந்தகத்துக்கு இரண்டு பகைகள். ஒன்று கடும் வெயில்: 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் அடித்தால் இலை கருகும். இன்னொன்று எண்ணெய்: வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் இலை கருகும். மோருக்குப் பலன் இல்லை என்று வேப்பெண்ணெய், அதற்கும் பலன் இல்லை என்று மறுவாரமே கந்தகம் என்று போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் பகையைப் பொறுத்தவரை சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நோய் ஓடும் ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் கந்தகம் அடிக்க ஏற்ற காலமும். காலையில் பனி காய்ந்தபின் அடித்து, ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம். மார்ச்சில் அடிக்க ஆபத்து. அப்போது தேவையும் இல்லை.

ஊடுருவும் மருந்துகள்

ஹெக்சகோனசோல் 5 சதவீதம், லிட்டருக்கு ஒரு மி.லி. இலைக்குள் இறங்கி, பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப்பொருள் உருவாவதைத் தடுக்கிறது. கந்தகத்தால் முடியாத ஒன்று இதனால் முடியும்: தொற்றிய பிறகும் நிறுத்தும். மருந்தடிப்பவர் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். "ஒரே தடவை சார், அடுத்த வருஷம்வரை வராது" என்ற வாக்குறுதியும் கூடவே வரும். எந்தப் பூஞ்சைக்கொல்லியும் ஓராண்டு நிற்காது; இரண்டு மூன்று வாரம் நிற்கும். அடுத்த ஆண்டுவரை வராமல் இருந்தால் அந்தப் பெருமை வெயிலுக்குரியது.

எனக்கு இதில் உள்ள தயக்கங்கள் பல. மரம் உயரமாக இருந்தால் விசைத்தெளிப்பான் வேண்டும். தெளிப்பில் கணிசமான பங்கு கார்களின்மேலும், காயப்போட்ட துணிகளின்மேலும், மூடி சரியாகப் பொருந்தாத நிலத்தடித் தொட்டியிலும் இறங்கும். திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும். கார்பென்டசிம் என்ற இன்னொரு ஊடுருவும் பூஞ்சைக்கொல்லியின் குடும்ப மருந்துகளுக்குச் சாம்பல் நோய்கள் பல இடங்களில் ஏற்கெனவே பழகிவிட்டன. ஹெக்சகோனசோலின் டிரையசோல் குடும்பத்தில்தான் மாமரத்தின் வளர்ச்சியைக் குறுக்கிப் பூக்கவைக்கப் பயன்படுத்தும் பேக்ளோபியூட்ரசோலும் இருக்கிறது. அளவு மீறினால் கன்றின் கணுக்கள் குறுகுவதைப் பார்க்கலாம்.

வீட்டில் பழைய கையேடு இருந்தால் அதில் டிரைடெமார்ஃப் என்ற பூஞ்சைக்கொல்லியைப் போட்டிருக்கும். அது 2018இல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. எவரேனும் மீதமிருந்த குப்பியைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு என்பது லேபிளில் இருந்தாக வேண்டும். நச்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணமும் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே வரும். குப்பியைக் காட்டாமல், வேறு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருபவரை உள்ளே விடவேண்டாம்.

ஆம்பிலோமைசஸ் குவிஸ்குவாலிஸ் என்ற உயிர்மருந்தும் விற்பனைக்கு உண்டு. சாம்பல் நோய்ப் பூஞ்சையைத் தின்று வாழும் இன்னொரு பூஞ்சை அது. யோசனை அழகானது. ஆனால் அதற்கு நல்ல ஈரப்பதம் வேண்டும், காலாவதி ஆகாத உயிருள்ள பொட்டலமும் வேண்டும். கந்தகத்தோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாது. கன்றுகள் நிறைய வைத்திருக்கும் நர்சரிக்காரர் முயலலாம்.

கவாத்து

எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து, கிளைகளைக் கழிக்கும் இதே வேலை மருந்தாகவும் ஆகும், நோயாகவும் ஆகும். பொங்கல் சுத்தம் என்ற பெயரில் டிசம்பர் கடைசியில் மரத்தை மொட்டையடிக்கிறோம். மூன்று வாரத்தில் கிளை முழுக்க இளந்தளிர். அதுவும் சரியாகப் பூஞ்சையின் உச்சக்காலத்தில். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில்தான் எங்கள் மரம் வெளுக்கிறது என்று புலம்பும் சங்கங்கள், எந்த வாரத்தில் கவாத்து செய்தோம் என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

கிரேப் மிர்ட்டில் புதுக்கிளையில் பூக்கும் மரம். பிப்ரவரி கடைசியில் உள்நோக்கி வளர்ந்த குச்சிகளையும், அடித்தூரில் கிளம்பும் போத்துகளையும், நோயால் சுருண்ட நுனிகளையும் எடுத்துவிட்டால், புதுத்தளிர் மார்ச் வெயிலில் வரும். பூவும் கோடையில் கிடைக்கும். நடுவே வெளிச்சமும் காற்றும் புகும்படி விடுவதே நோக்கம். தலையை வெட்டிச் சமப்படுத்துவது தேவையில்லை. புயலுக்கு முன்னால் பாரம் குறைக்கும் வேலையை ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12இல் வார்தா புயலைப் பார்த்த எவரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். சுவருக்கு வெளியே நிற்கும் தெருமரம் மாநகராட்சியின் பொறுப்பு; அனுமதியில்லாமல் அதில் கை வைக்கக்கூடாது.

அப்படியானால் எதைத் தேர்வது

நன்கு வளர்ந்த மரம், வெயில் படும் இடம்: விட்டுவிடுங்கள், பிப்ரவரி கடைசியில் கவாத்து மட்டும். நட்டு மூன்று ஆண்டு ஆகாத கன்று: ஜனவரி முதல் வாரத்திலிருந்து கொழுந்தைப் பாருங்கள், திட்டு தெரிந்தால் கந்தகம் இரண்டு முறை. கன்று சிறியது, இழக்கும் ஒவ்வோர் இலையும் அதற்கு வளர்ச்சியிழப்பு. கைத்தெளிப்பானே எட்டும், ஒரு லிட்டர் போதும், பக்கத்தில் எவர்மேலும் படாது. காய்க்காக நிற்கும் மாமரம்: பூங்கொத்து வெளிவரும்போதே கந்தகம், பூ விரியும் நேரத்தில் எதுவும் வேண்டாம், தேனீக்களுக்கு வழி விடுங்கள். அதற்கும் அடங்காமல் முந்தைய ஆண்டு பூவெல்லாம் உதிர்ந்திருந்தால் ஹெக்சகோனசோல் ஒருமுறை அடிப்பதை நான் எதிர்க்கமாட்டேன். ஊடுருவும் மருந்துக்கு நான் சம்மதிக்கும் ஒரே இடம் அதுதான்.

நிழலில் நெருக்கி நடப்பட்டு ஆண்டுதோறும் மெலியும் மிர்ட்டிலை மட்டும் மாற்றலாம். அமெரிக்காவில் இந்த நோய்க்காகவே ஒரு பெரிய இனக்கலப்பு வேலை நடந்தது. ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து 1956இல் கொண்டுவந்த லாகர்ஸ்ட்ரோமியா ஃபௌரியை இண்டிகாவோடு கலந்து, நோயைத் தாங்கும் நாச்செஸ், மஸ்கோகி போன்ற ரகங்களை 1978இல் வெளியிட்டார்கள். இங்கே ரகப்பெயரோடு கன்று தரும் நர்சரி அரிது. பூவின் நிறத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். தாங்கும் ரகம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி விலை கூட்டினால் நம்ப வேண்டாம்.

நிழல்தான் வேண்டும் என்றால் மகிழம் நடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடற்காற்று அடிக்கும் பகுதியில் புன்னை. இரண்டும் மெதுவாக வளரும், ஆனால் தடித்த இலை. இந்த நோயால் அவை அவதிப்பட்டு நான் பார்த்ததில்லை. சுவரிலிருந்து நான்கைந்து அடியாவது தள்ளி, நாளில் பாதிநேரம் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் புரட்டாசியிலேயே குழி வெட்டி வைத்தால், ஐப்பசி மழையில் கன்று வேர் பிடித்துக்கொள்ளும்.